எட்டு மணி வள்ளம்

நானா,

என் மேசையில் மூன்று நாளாக ஒரு தாள் கிடக்கிறது. தட்டச்சு மையின் வாசம் இன்னும் அதிலிருந்து போகவில்லை. நிலாவெளிக் கரையில் புதிதாக எழும்பியிருக்கிற பெரிய ஹோட்டலின் மனேச்சர் கொண்டுவந்து தந்தது. கொழும்பில் இருக்கிற பயண முகவர்களுக்கு அனுப்ப ஒரு பக்கத்தில் வழிகாட்டி வேண்டுமாம். மூன்று தலைப்பை அவரே அடித்து ஒவ்வொன்றின் கீழும் இடம் விட்டிருக்கிறார். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எங்கே விளையாடலாம். மூன்றாவதின் கீழ் மட்டும் ஒரு வரி முன்கூட்டியே இருக்கிறது. புறாமலைக்குப் படகு, தினமும் காலை இத்தனை மணிக்கு என்று. மணி எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோட்டை நிரப்ப வேண்டியவள் நான். இந்தக் கரையில் வெளிநாட்டாருக்கு விளங்குகிற ஆங்கிலம் எழுத ரீச்சரை விட்டால் ஆளில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகத்தான் வாங்கி வைத்தேன். முதல் இரண்டு தலைப்பும் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தன. மூன்றாவதில் பேனை நின்றுவிட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். எட்டு வருடமாகச் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலை இது.

சாப்பாட்டைப் பற்றி எழுதும்போதே நீங்கள் வந்துவிட்டீர்கள். நம் விடுதிக்கு வந்த விருந்தினர் யார் கேட்டாலும் உங்களிடம் ஒரே பதில். "எங்கயும் திங்கலாம் தங்கச்சி. நண்டு மட்டும் எங்கட ஊட்டதான் திங்கணும் எண்டு அவங்களுக்குச் செல்லுங்க." நான் அதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். அவர்களும் நம்பி இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு வருவார்கள். மதினி முருங்கையிலை போட்டு வைத்த நண்டுக்கறியை உறைப்புத் தாங்காமல் மூக்கும் கண்ணும் வடிய வடியத் தின்பார்கள். நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்து, எந்தக் காலை எப்படி உடைக்க வேண்டும் என்று காட்டுவீர்கள். வியாழக்கிழமைகளில் மதினியின் தாய்வீடான குறிஞ்சாக்கேணியிலிருந்து எருமைத் தயிர் வரும். கிண்ணியாத் துறை கடந்து பஸ் ஏறி வருகிற அந்தச் சட்டியில் ஒரு அகப்பை எனக்கென்று ஒதுக்கி வைப்பீர்கள். நான் மெதடிஸ்ற் கோயில்காரி, நீங்கள் பள்ளிவாசல்காரர், உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்லால் உங்களை நானா என்றேன். தயிர் விஷயத்தில் நமக்குள் ஒரு வேறுபாடும் இருந்ததில்லை.

தங்குகிற இடத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. தன் ஹோட்டலை விட்டால் இந்தக் கரையில் தலைசாய்க்க வேறு இடமே இல்லை என்ற மாதிரி இருக்க வேண்டும் என்றார் மனேச்சர். நம் விடுதி இருந்ததே, நானா. நான்கு அறை, ஒரு விறாந்தை, சமைக்க ஒரு குசினி, பின்பக்கம் பனைகள், முன்பக்கம் கடல். பதினாறு வருடம் பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை போன பிறகு, அந்த விடுதியை நடத்தித் தரும்படி அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தேன், கரும்பலகையை மட்டும் விட முடியவில்லை. பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தைச் சுவரில் மாட்டினேன். இடப்பக்கம் அன்றைய சாப்பாடு, நடுவில் எந்த அறையில் யார், வலப்பக்கம் மறுநாள் என்ன விளையாட்டு. எல்லாம் வெண்கட்டியால் நேர் நேராக. விடுதிக்கு வருகிறவர்கள் முதலில் கடலைப் பார்ப்பார்கள், அடுத்தது என் கையெழுத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கையெழுத்தில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

உங்களை முதலாளிதான் பிடித்துத் தந்தார். வள்ளம் உண்டு, புதிதாக வாங்கிய எஞ்சின் உண்டு, விருந்தினரைக் கரைக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குக் கொண்டுபோய்ப் பவளப்பாறையும் மீனும் காட்டிக் கொண்டுவருவார் என்றார். முதல் கிழமையே நமக்குள் முட்டிக்கொண்டது. மாலையில் பலகை எழுத வேண்டும், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாளைக்குத்தான் தெரியும் என்றீர்கள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். எனக்குக் கோபம் வந்தது. பாடவேளை போடாமல் எந்தப் பள்ளிக்கூடம் நடக்கும்?

நீங்கள் வேலை செய்கிற முறை விளங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து முகத்தில் படுகிறது என்று பார்ப்பீர்கள். பிறகு கரையோரமாக நடந்து வந்து குசினி வாசலில் ஒரு பிளேன்ரீ கேட்பீர்கள். நின்றுகொண்டு குடித்தால் வள்ளம் போகும். குந்தியிருந்து குடித்தால் அன்றைக்கு இல்லை. அதற்கு மேல் கதை கிடையாது. சமையல்காரப் பெண் கூட உங்கள் காலைப் பார்த்துத்தான் விருந்தினருக்கு வழிச்சாப்பாடாகப் பாண் கட்டிக் கொடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வாள்.

ஆனால் என் பலகைக்கு நேரம் வேண்டும். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். காலை எட்டு மணி என்று எழுதலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றீர்கள். "நாளைக்குப் போறம் எண்டு சும்மா செல்லப்படாது தங்கச்சி. இன்ஷா அல்லாஹ் செல்லணும். உங்கட பலகையும் செல்லணும்." எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மறுக்க ஏலாது. எங்கள் வேதத்திலும் அதே கட்டளை இருக்கிறது, ஞாயிறு வகுப்பில் நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். எட்டு மணிக்குக் கீழே, வலது மூலையில், தமிழில் சின்னதாக 'இறைவன் நாடினால்' என்று எழுதினேன். நீங்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டுத் தலையாட்டினீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் அழித்து எழுதுவேன், அந்த மூலையை அழிக்கவே மாட்டேன். மூன்று பருவகாலம் அது அப்படியே இருந்தது.

அந்த வரி என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்த காலைகளில் நான் விறாந்தைக்குப் போய், பிரம்பால் அந்த மூலையைத் தொட்டுக் காட்டி, அது என்ன சொல்கிறது என்று விருந்தினருக்கு மொழிபெயர்ப்பேன். அவர்கள் சிரித்துவிட்டுத் தென்னைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வார்கள். யாரும் உங்களைக் குறை சொன்னதில்லை. போகாமல் விட்டது நீங்களல்ல, அந்த வரிதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது பருவத்தில் கொழும்பிலிருந்து, பெரிய கோடுகளில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து வந்தார். மூன்று நாள் தங்கினார், மூன்று நாளும் கச்சான் காற்று, மூன்று நாளும் நீங்கள் எழும்பவில்லை. அவர் பட்டணத்துக்குப் போய் முதலாளியிடம் முறைப்பட்டிருக்கிறார். முதலாளி வந்து பலகைக்கு முன்னால் நின்று அந்த மூலையை வாசித்தார். "வியாபாரத்திலை சந்தேகம் வரக்கூடாது ரீச்சர்," என்றார். "ஆறு மாதம்தான் சனம் வருது. போகுமெண்டு எழுதினால் போகோணும். ஏலாதெண்டால் வேறை வள்ளக்காரன் இருக்கிறான்." என்னையே அழிக்கச் சொன்னார். ஈரத்துணியை எடுத்து நான்தான் அழித்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பலகை ஒரே மொழியில், ஒரே அளவு எழுத்தில், சுத்தமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே நீங்கள் கண்டுவிட்டீர்கள். சாரல் அடித்ததா, தண்ணீர் பட்டு அழிந்துபோய்விட்டதா என்று கேட்டீர்கள். ஆடி மாதத்தில் நிலாவெளியில் ஏது சாரல்? ஓம் நானா, தண்ணி பட்டுப் போச்சு என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். திரும்பி எழுதச் சொல்லுவீர்கள் என்று ஒரு கிழமை காத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. குந்தியிருந்த இரண்டு காலைகளில் விருந்தினர் உங்களைச் சோம்பேறி என்றார்கள். ஒருவர் உங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். இரண்டாம் முறைக்குப் பிறகு, முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நான்தான் உங்களுக்குச் சொன்னேன். எச்சரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். மதினிக்கு அப்போது கடைசிப் பிள்ளை வயிற்றில். வாடைக்காலத்தில் கடல் மூடிவிட்டால், இந்த ஆறு மாதத்து உழைப்பில்தான் உங்கள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அந்தக் காலையை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. விடியுமுன்னே பனையோலைகள் சரசரத்துக்கொண்டிருந்தன, காற்றில் சூடு இருந்தது. நீங்கள் வழமைக்கு முந்தி வந்தீர்கள். தேத்தண்ணியை வாங்கி, வாசற்படியில் குந்திவிட்டீர்கள். விறாந்தையில் நான்கு பேர் தொப்பியும் துவாயுமாக எட்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். ஒரு டொக்டர், அவருடைய மனைவி, மனைவியின் தங்கை, பன்னிரண்டு வயதில் ஒரு மகள். முந்தின நாளும் அவர்கள் போகவில்லை, அன்று மத்தியானம் திரும்பிப் போக வேண்டும். நான் குசினிக்கு வந்து உங்களைப் பார்த்தேன், பிறகு கடலைப் பார்த்தேன். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அந்தக் கண்ணாடியின் சூழ்ச்சியை நீங்கள் எனக்கு முன்பே விளக்கியிருந்தீர்கள். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் தண்ணீர் மட்டமாகத்தான் கிடக்கும். வெளியே போகப் போகத்தான் அது எழும்பும், எழும்பினால் வள்ளத்தைக் கரைக்கு விடாது, வெளியே தள்ளும். பாடம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன், இப்படி அமைதியாக இருக்கிறதே என்று.

"மேக்கால காத்து எறிக்குது தங்கச்சி," என்றீர்கள். "பத்து மணிக்குள்ள கூடும்."

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பலகையிலை எழுதிப் போட்டன் நானா."

கோப்பையில் பாதித் தேத்தண்ணி இருந்தது. எழும்பினீர்கள். மீதியை நின்றுகொண்டு குடித்தீர்கள். சமையல்காரப் பெண் உங்கள் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாணைக் கட்டத் தொடங்கினாள். விறாந்தை வழியாகப் போகும்போது பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, அந்த வெறும் மூலையை விரலால் தொட்டீர்கள். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு "வாறன் தங்கச்சி" என்றீர்கள், எப்போதும் சொல்கிற மாதிரி.

மற்றதெல்லாம் டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புறாமலைக்குச் சுகமாகத்தான் போய்ச் சேர்ந்தீர்கள். அரை மணித்தியாலத்திலேயே, திரும்புவோம் ஏறுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். மனைவி பவளப்பாறைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தாராம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அரை மணித்தியாலம் போய்விட்டது. அவர்கள் ஏறத் தயாரானபோது, ஐந்து பேர் பாரத்தோடு காற்றுக்கு எதிரே வரமுடியாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தண்ணீர்க் கானையும் பாணையும் அவர்களிடம் கொடுத்து, பாறை மறைப்பை விட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, இறக்கக்கண்டியிலிருந்து பெரிய வள்ளம் கொண்டுவரத் தனியே புறப்பட்டிருக்கிறீர்கள்.

பாதி வழியில் எஞ்சின் நின்றிருக்கிறது. நீங்கள் கயிற்றை இழுப்பதையும் குனிவதையும் திரும்ப இழுப்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு துடுப்பை எடுத்தீர்களாம். வள்ளம் பக்கவாட்டாகத் திரும்பி, தீவின் தெற்கு முனையைக் கடந்து வெளியே போனது. வேறு பாதையால் சுற்றிப் போகிறீர்கள் என்று நினைத்துவிட்டார்கள். அப்போது நீங்கள் எழும்பி நின்று கையை உயர்த்தி அசைத்தீர்களாம். டொக்டரின் மகளும் சந்தோசமாகக் கையசைத்தாளாம்.

அதைச் சொல்லும்போதுதான் அந்த மனிதருக்கு விளங்கியது. விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு இறக்கக்கண்டி வள்ளங்கள் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. உங்களைத் தேடி நான்கு நாள் ஓடினார்கள், திரியாய்க்கு அப்பாலும் போய்ப் பார்த்தார்கள். உங்கள் வள்ளம் ஒன்பதாம் நாள் கிடைத்தது, வெறுமனே, எஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடித்து வைத்தபடி. துடுப்பைக் காணவில்லை. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே தொழுகை நடத்தினார்கள். முதலாளி வந்து ஒரு மூலையில் நின்றார். அடுத்த பருவத்தில் விடுதியை விற்றுவிட்டார். அதை இடித்துத்தான் இப்போது இந்த ஹோட்டல் எழும்பியிருக்கிறது. கரும்பலகையை நான் கொண்டுவந்துவிட்டேன், அலுமாரிக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். ஹோட்டல் பெடியன்களுக்கு மாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும்போது கூட அதை எடுப்பதில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஹோட்டல்காரர்கள் புறாமலைப் படகுக்குப் பிடித்திருக்கிற ஆள் உங்கள் மூத்தவன் நிசார். நீங்கள் போகும்போது பதினாறு வயது, இப்போது தாடியும் மீசையுமாக உங்களை உரித்து வைத்திருக்கிறான், நடை கூட அதுதான். நேற்று மதினி வந்தார். எட்டு வருடத்தில் பெருநாள் இனிப்பாக அவர் அனுப்புகிற வட்டிலப்பம் தவறாமல் வந்திருக்கிறது, ஆனால் அவர் என் வீட்டுக்குள் வந்ததில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நீங்க எழுதிக் குடுக்கிற பேப்பர்ல நேரம் போடாதீங்க என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் போகமாட்டேன் என்றுதான் இருந்தார், பலகையில் எழுதியாகிவிட்டது என்று சொல்லி எழுப்பி அனுப்பினது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "தெரியும்," என்றார். "குசினிக்குள்ள நிண்ட புள்ள அண்டைக்கே வந்து செல்லிட்டா. அதாலதான் உங்ககிட்ட வந்தன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். போய்விட்டார். நான் அழுதேன், நானா. வயது போன நேரத்தில், ஒரு தாளுக்கு முன்னால் இருந்து அழுதேன். இப்போதுதான், இந்தக் கடிதத்தின் நடுவில், மணிக்கு விட்ட கோட்டை அடித்து, கீழே எழுதினேன்: படகு உண்டா என்பதைப் படகோட்டி காலையில் சொல்லுவார், அவர் இல்லை என்றால் அன்றைக்கு இல்லை.

மேலே உள்ளதை எழுதி ஆறு கிழமை ஆகிவிட்டது. முடித்துவிட்டேன் என்று நினைத்து மடித்து வைத்திருந்தேன். முடியவில்லை.

வழிகாட்டி போன கிழமை அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாள், கடலின் நிறம் இல்லாத ஒரு நீலம். நண்டைப் பற்றி நான் எழுதினது அப்படியே இருக்கிறது. மூன்றாம் தலைப்பின் கீழே: புறாமலைக்குப் படகு, தினமும் காலை எட்டு மணி. என் வரியைக் காணவில்லை. மனேச்சரிடம் போய்க் கேட்டேன். மிகவும் மரியாதையான மனிதர், கதிரை போட்டு இளநீர் தந்தார். பயணிகளுக்கு உறுதி வேண்டும் மிஸ், இந்த வருடம் இந்தக் கரைக்குப் பொன்னான வருடம் என்றார்.

பொன்னான வருடம். பட்டணத்தில் இப்போது ஆறு மணிக்கே கடைகளைப் பூட்டுகிறார்கள். நிலாவெளி ரோட்டில் பட்டாளத்து லொறிகள் கூடிவிட்டன. என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். ஹோட்டலின் விறாந்தையிலிருந்து பார்த்தால் எல்லாம் மட்டமாக, பளபளப்பாகத்தான் தெரிகிறது. காற்றைப் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே நிசார் ஒருவன்தான். அவனும் கூலிக்கு நிற்கிறவன்.

அதனால் போன கிழமையிலிருந்து தினமும் ஏழரைக்கு நான் கரைக்குப் போகிறேன். ஒரு போத்தலில் பிளேன்ரீயும் இரண்டு கோப்பையும் கொண்டுபோவேன். ரீச்சருக்கு மூளை தட்டிவிட்டது என்று பெடியன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நிசார் தேத்தண்ணியை வாங்கி நின்றுகொண்டு குடிப்பான். நான் அவனுடைய காலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இன்றைக்குக் காலை எழும்பும்போதே ஓலைகள் சரசரத்தன. யன்னலைத் திறந்தால் முகத்தில் சூடு. செருப்பைக் கூடத் தேடாமல் ஓடினேன். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஹோட்டல் பக்கத்திலிருந்து ஒரு கொழும்புத் தமிழ்க் குடும்பம் வந்து வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவர். தகப்பனின் கையில் அந்த நீலத்தாள். நிசார் வள்ளத்தின் அணியத்தில் கை வைத்தபடி மேற்கே பனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை வாங்கி, மெல்ல மணலில் குந்தினான்.

தகப்பன் கடலைக் காட்டினார், தாளைக் காட்டினார். எட்டு மணி என்று போட்டிருக்கிறது, தினமும் என்று போட்டிருக்கிறது, குளம் மாதிரிக் கிடக்கிற கடலுக்கு என்ன பயம் என்று கேட்டார். கோபக்காரர் அல்ல, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டவர். நிசார் அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோப்பையில் பாதி இருந்தது. அவனுடைய கை மணலில் ஊன்றியது, எழும்பப் போகிறான் என்று தெரிந்தது. நானா, அந்த முகம் எனக்குத் தெரியும்.

"அது நான் எழுதினது தம்பி," என்று அந்த மனிதரிடம் சொன்னேன். "எழுதினவள் நான்தான். இண்டைக்கு வள்ளம் போகாது."

என் குரல் உடைந்துபோன பள்ளிக்கூடக் குரல்தான், ஆனால் வந்தது. அந்த நேரத்தை இந்தத் தாளில் போட்டது நானல்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. கிழவர்தான் முதலில் திரும்பி நடந்தார். நிசார் ஊன்றிய கையை எடுத்துவிட்டு மீதித் தேத்தண்ணியைக் குந்தியிருந்தே குடித்து முடித்தான்.

பத்து மணிக்குக் காற்று கூடியது. புறாமலைக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைவதை என் வாசலிலிருந்தே பார்த்தேன். மத்தியானம் மனேச்சர் ஆள் அனுப்பினார். நாளைக்கும் இப்படியென்றால் வேறு வள்ளம் பிடிப்பாராம், ரீச்சரும் கரைப்பக்கம் வரத் தேவையில்லையாம். நிசாருக்குப் பெண் பேசி வைத்திருக்கிறது, வருமானம் நின்றால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது இருட்டுகிறது. காற்று இன்னும் விழவில்லை, இன்னும் இரண்டு மூன்று நாளைக்கு விழாது என்று நினைக்கிறேன். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை இழுத்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மூலையில் துணி போன தடம் இன்னும் இருக்கிறது.

நாளைக்கும் ஏழரைக்குப் போத்தலோடு கரைக்குப் போவேன், நானா. இறைவன் நாடினால்.